கேமராவுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 11

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அன்று அடித்த வெயிலில் காக்கைகள்கூடப் பறப்பதை விட்டுவிட்டு, கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை நிழலில் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன. துப்பறியும் பாலசுந்தரம் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே தைத்துக்கொண்ட கோட்டு அது. கழற்றினால் மூளையும் கூடவே கழன்று வந்துவிடுமோ என்று அவருக்கு ஒரு பயம்.

“பாஸ், இதுதான் கடைசிக் கடை,” என்றாள் குமுதா. அவருக்கு உதவியாளர், டிரைவர், மனசாட்சி மூன்றும் அவள்தான். பாதி வாழ்க்கை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஆகவே கொலைகாரர்களைக் கண்டால் அவளுக்குக் கொட்டாவிதான் வரும். “இங்கயும் இல்லைன்னா அடுத்து தாய்லாந்து. பாஸ்போர்ட் இருக்கா?”

மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் வரை, பழைய கேமரா விற்கும் கடை ஒன்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. எல்லாக் கடையிலும் ஒரே மாடலைக் கேட்டு வாங்கி, குமுதா அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து வலது கண்ணைச் சுற்றி ரப்பர் வளையம் அச்சாக விழுந்து, பாதி ஆந்தையாகவே மாறிவிட்டிருந்தாள்.

அவர்கள் தேடியது கேமராவுக்குள் இருக்கும் ஒரு பொட்டை.

போன டிசம்பர் வெள்ளத்தில், பிரகலாதன் என்ற கல்யாண போட்டோகிராபர், தண்ணீரைப் படம் பிடிக்கிறேன் என்று கிள்ளான் பக்கம் போனார். மோட்டார் சைக்கிள் சேற்றில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த கேமராவும் கிடைக்கவில்லை. தேடித் தேடி ஓய்ந்துபோன அவருடைய அண்ணன், உடல் இல்லாமலே கருமக்கிரியையை முடித்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை.

மனைவி ஜெயமாலா மட்டும் மறுத்துவிட்டாள். “அவரு உசுரோட இருக்காரு அங்கிள். இல்ல, செத்துட்டாருன்னா அதையாவது எனக்கு ருசுப்படுத்துங்க. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் தாலியக் கழட்ட மாட்டேன். மொத்த குடும்பமும் வந்து இழுத்தாலும் சரி.”

கேமரா கிடைத்தால், அது எந்தக் கை மாறி வந்தது என்று பின்னாலேயே போய் ஆளைப் பிடித்துவிடலாம் என்பது பாலசுந்தரத்தின் கணக்கு. அந்தக் கேமராவை அடையாளம் காட்டும் பொட்டை வைத்தவளும் ஜெயமாலாதான்.

சரஸ்வதி பூசை வந்தால் அவள் வீட்டில் பொட்டு தப்பிய பொருள் கிடையாது. தையல் மெஷின், மிக்சி, ரைஸ் குக்கர், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் சைக்கிள், அசந்தால் சீனக் கிழவர். கேமராவுக்கும் வைத்தாள். வெளியே வைத்தது போதாதென்று லென்ஸைக் கழற்றி, உள்ளே சாய்ந்து நின்ற குட்டிக் கண்ணாடிக்கும் ஒன்று. குங்குமம் உதிர்ந்தது. அதைக் கொட்டப் பிரகலாதன் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிறகு ஈரத்துணியை விட்டுத் துடைத்தார். அதோடு முடிந்தது கதை.

அந்தக் கண்ணாடிக்கு மேலே, வீட்டுக் கூரை மாதிரி, தபால்தலை அளவில் பால் நிறத் தகடு ஒன்று இருக்கும். ஃபோகஸிங் ஸ்கிரீன் என்பார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தெரிகிற காட்சி அந்தத் தகட்டில்தான் விழுகிறது. பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே ஏறி வழிவிட, வெளிச்சம் நேராகப் பின்னால் போய்விடும். ஆகவே அந்தத் தகட்டில் யானையே படுத்திருந்தாலும் பார்ப்பவருக்குத்தான் தெரியும். படத்தில் தும்பிக்கைகூட வராது.

துடைத்த ஈரத்தில் தகட்டின் நடுவே குங்குமம் ஊறிக் கறையாகிவிட்டது. அன்றிலிருந்து பிரகலாதன் கண்ணுக்கு உலகமே பொட்டு வைத்துக்கொண்டது. மணப்பெண்ணுக்குப் பொட்டு, மாப்பிள்ளைக்குப் பொட்டு, பந்தல் போட்ட மலாய்க்காரருக்குப் பொட்டு, பிரியாணிக்கு வந்த ஆட்டுக்கும் பொட்டு.

“புதுத் தகடு மாத்திக்கலாமாம் அங்கிள்,” என்று ஜெயமாலா பெருமையோடு சொல்லியிருந்தாள். “அவருதான் மாத்தல. படத்துல வராதே, இருந்துட்டுப் போகட்டும்னு சிரிச்சாரு.”

கடைக்காரர் இர்ஃபான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வாடிக்கையாளர் வாயைத் திறக்குமுன் டீ சொல்லிவிடுபவர். அந்த மாடல் ஒன்று இருக்கிறது என்று கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். குமுதா கண்ணை வைத்தாள்.

“என்ன தெரியுது?” என்றார் பாலசுந்தரம்.

“நீங்க தெரியுறீங்க.”

“நெற்றியில?”

“வேர்வைதான் பாஸ். பொட்டும் இல்ல, பூவும் இல்ல. பளிங்கு மாதிரி இருக்கு.”

பாலசுந்தரம் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் மூன்று கால்களும் அழுதன. இனித் தேடக் கடையும் இல்லை, நாளும் இல்லை. ஜெயமாலாவிடம் போய்க் கையை விரிக்க வேண்டியதுதான் பாக்கி.

“வேற மாடல் காட்டட்டாண்ணே?” என்றார் இர்ஃபான்.

“இருங்கலா,” என்று குமுதா மறுபடியும் கண்ணை வைத்தாள். பிறகு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வெளிய ரப்பர் உரிஞ்சிருக்கு. பட்டன் இடுக்குல சேறு. அடியில எறும்பு குடித்தனம் பண்ணிட்டுப் போயிருக்கு. உள்ள மட்டும் எப்படி இப்படிக் கழுவி விட்ட மாதிரி? வீடு பூரா குப்பை, சாமி ரூம் மட்டும் டைல்ஸா? நடுவுல ஒரு வட்டம் வேற இருக்கு, அப்பத்தைப் பாதியா வெட்டின மாதிரி.”

“அது கையால ஃபோகஸ் பண்றவங்க போடற ஸ்கிரீன், அக்கா,” என்றார் இர்ஃபான். “கம்பெனியில இருந்து அப்படி வராது. யாரோ பழசை எடுத்துட்டு இதைப் போட்டிருக்காங்க.”

பாலசுந்தரம் எழுந்தார். முக்காலி பெருமூச்சு விட்டது.

அவரே லென்ஸைக் கழற்றினார். இர்ஃபான் “அண்ணே, உள்ள கைய விட்றாதீங்க, செத்துரும்!” என்று அலற அலற, பல்குச்சி நுனியில் டிஷ்யூவைச் சுற்றி, டீ கிளாஸின் வெளிப்புறத்து ஈரத்தில் ஒற்றி, கண்ணாடி மடங்கும் இடுக்கில் மெல்லத் தடவி எடுத்தார். நுனி சிவந்திருந்தது.

குமுதா மோந்து பார்த்தாள். “மாரியம்மன் கோயில், பாஸ்.”

தகடு போனாலும் குங்குமம் முழுசாகப் போகவில்லை. இது பிரகலாதனின் கேமராதான்.

“உங்களுக்கு இது எங்கேயிருந்து வந்தது?”

“கிள்ளான்ணே. விமலன்னு ஒரு ரிப்பேர்காரரு. பழசானதை எல்லாம் அவருகிட்ட மொத்தமா எடுப்பேன்.”

கேமராவை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, பாலசுந்தரம் தம் வயதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

ஃபெடரல் ஹைவேயில் ஜாம். பக்கத்து லோரி டிரைவர் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தாலும் லோரி நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். பாலசுந்தரத்துக்கு அது வசதியாகவே இருந்தது. சொற்பொழிவைத் தொடங்கினார்.

“கேள் குமுதா. வெள்ளத்தில் அவரைத் தள்ளிவிட்டவனோ, செத்தவர் கழுத்திலிருந்து உருவினவனோ, எவனோ ஒருவன் இந்தக் கேமராவை எடுத்திருக்கிறான். பார்த்தால் உள்ளே பொட்டு. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து தகட்டை மாற்றியிருக்கிறான். தடயத்தை அழித்திருக்கிறான்!”

“தடயம்னு அவனுக்கு யாரு சொன்னா?”

“என்ன?”

“அது கறை பாஸ். பழைய கேமராவுல கறை இருக்கும்தான். அது பூசைக்கு வெச்ச பொட்டுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? திருடன் வித்துட்டுப் போவான். வாங்குறவன் ஒரு படம் எடுத்துப் பாப்பான். படத்துலதான் அது வராதே. வராத ஒண்ணுக்கு எவன் மெனக்கெட்டு ஆளு தேடிப் போயி மாத்துவான்?” அவள் ஹார்னை அடித்தாள். எதிரே நகர எதுவும் இல்லை என்றாலும் அடித்தாள். “தினமும் அதுல கண்ணை வெக்கறவன்தான் மாத்துவான்.”

பாலசுந்தரம் ஷா ஆலம் தாண்டும் வரை கோட்டின் மேல் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காருக்குள் நுழைந்துவிட்ட எண்ணத்தை இருவரும் பார்த்துவிட்டார்கள். இருவருமே அதற்கு உட்கார இடம் கொடுக்கவில்லை.

விமலனின் கடை கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறுகிறவருக்கு மல்லிகை வாசத்திலேயே பாதி மயக்கம் வந்துவிடும். மீதி மயக்கத்துக்கு விமலன் பேச்சு. நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, நெற்றிக்கண் திறந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இதுவா? என் கைவேலை!” என்று கேமராவை வாங்கியவுடன் கூவினார். “பார்த்தீங்களா அங்கிள், ஸ்கிரீன் எப்படிப் படுத்திருக்குன்னு? தொட்டில்ல பச்சப்புள்ள மாதிரி. இதுக்கு விரலு படக்கூடாது. பட்டா ரேகை ஜென்மத்துக்கும் போகாது. சின்னக் கொக்கிய எறக்கணும், பழசு தானா விழும், புதுசை ஓரத்துக் காதைப் புடிச்சு உள்ள வெக்கணும். மூச்சு விடக்கூடாது. நான் வெச்சப்ப கீழ பூக்கடையில கூட யாரும் மூச்சு விடல.”

“யார் கொண்டு வந்தது?”

“ஒரு அண்ணன். அமைதியான மனுசன். ஸ்கிரீன் மாத்தணும்னாரு. உள்ள பாத்தேன், செகப்பா ஒரு கறை. ‘படத்துல வராதுண்ணே, எதுக்கு வீண் வேலை’ன்னேன். நான் நேர்மையான ஆளு.”

“அதற்கு என்ன சொன்னார்?”

“‘படத்துல வராது, தெரியும். எனக்குத் தெரியுதே’ன்னாரு.” விமலன் தோளைக் குலுக்கினார். “வீட்டுக்காரி பூசைக்கு வெச்ச பொட்டாம். யாரைப் பாத்தாலும் அவங்க மூஞ்சியில அது வந்து நிக்குதாம். எடுத்துருங்கன்னாரு. பழசு வேணுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. குப்பையில போட்டேன்.”

குமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாலசுந்தரம் கடைசி நூலைப் பிடித்துத் தொங்கினார். “வெள்ளத்துக்கு முன்னால் வந்திருப்பார். நவம்பர் மாதம் இருக்குமா?”

“வெள்ளத்துக்கு முன்னாடி எப்படி அங்கிள் வருவாரு? நான் கடை தொறந்ததே தைப்பூசத்துக்கு அப்புறம்தானே! தண்ணி வந்துட்டுப் போனதுலதான் இந்த மாடி எனக்குச் சல்லிசா வாடகைக்குக் கெடைச்சுது.”

பாலசுந்தரம் கோட்டுப் பையிலிருந்து பிரகலாதனின் படத்தை எடுத்து நீட்டினார்.

“இவரேதான். இந்தப் படத்துல தாடி மட்டும் இல்ல.” விமலன் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “ஆனா ஒண்ணு அங்கிள், எனக்கு அவரு மேல கோவம். அடுத்த மாசமே கேமராவைத் தூக்கிட்டு வந்து, ‘நீங்களே எடுத்துக்கங்க’ன்னு மேசையில வெச்சாரு. ஏண்ணேன்னு கேட்டா, ‘மாத்தியும் தெரியுது’ங்கறாரு! என் வேலையில குறையா? நானே கண்ணை வெச்சுப் பாத்தேன். சுத்தம்! துளி கூட இல்ல! அதைச் சொன்னா, ‘உங்களுக்குத் தெரியாது’ன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு ஆறல. அப்படி என்னதான் தெரிஞ்சிருக்கும்?”

அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இருவருக்குப் பதில் தெரியும்.

“எங்கே போறார்னு சொன்னாரா?” என்று கேட்டார் பாலசுந்தரம்.

“சபான்னாரு. இல்ல, சரவாக். ரெண்டுல ஒண்ணு. எதா இருந்தா என்ன, கடலுக்கு அந்தப் பக்கம்தானே.”

திரும்பும்போது ஹைவே காலியாகக் கிடந்தது. சீக்கிரம் போக வேண்டாம் என்கிற நாளில்தான் அது அப்படிக் கிடக்கும்.

“செத்துட்டாருன்னே சொல்லிடலாம் பாஸ்,” என்றாள் குமுதா. “கேமரா சேத்துல கெடைச்சுது, அவ்வளவுதான்னு. அழுது முடிச்சிடுவாங்க. இதை எப்படி அழுது முடிப்பாங்க?”

“ரெண்டில் ஒன்று தெரியணும் என்றுதானே கேட்டாள்.”

“அவங்க கேட்ட ரெண்டுல இது இல்லையே பாஸ்.”

சாலாக் செலாத்தானில் அந்தப் பழைய அடுக்குமாடியின் வீட்டுக் கதவை ஜெயமாலா திறந்தாள். விரல்களுக்கிடையே ரவிக்கைக்குத் தைக்கும் ஊக்கு ஒன்று. பாலசுந்தரத்தின் கையிலிருந்த கேமராவைப் பார்த்ததும் ஊக்கைக் கீழே போட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். யாரையும் உட்காரச் சொல்லவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தாள். பாலசுந்தரத்தைப் பார்த்தாள், குமுதாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

“இது அவரோடது இல்ல அங்கிள். உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“அவருடையதுதான் அம்மா. உள்ளே தகட்டை மாற்றியிருக்கிறார்கள்.” பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். இந்த வாக்கியத்துக்காகவே அவர் கோட்டு தைத்தார் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அது வாயில் வேப்பங்காயாகக் கசந்தது. “பிரகலாதன் உயிரோடு இருக்கிறார்.”

அவள் முகம் மலர்ந்ததை, ஐயோ, பார்க்காமல் இருந்திருக்கலாம். கோலாலம்பூர் முழுவதற்கும் கரண்ட் போயிருந்தாலும் அந்த முகத்தின் வெளிச்சம் ஒரு நொடி சமாளித்திருக்கும்.

“நான் சொன்னேன்ல! எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க! எங்க இருக்காரு? அடி பட்டிருக்கா? ஆஸ்பத்திரியிலயா?” பிறகு கையிலிருந்த கேமரா அவளுக்கு நினைவு வந்தது. மறுபடி அதைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “யாரு மாத்தினது?”

பாலசுந்தரம் கோட்டு பட்டனைத் தேடினார்.

“அவருதான் அக்கா,” என்றாள் குமுதா. “வெள்ளத்துக்கு அப்புறம். அவரே கடை தேடிப் போயி.”

ஜெயமாலா கேமராவைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். மெதுவாக, தூங்குகிற குழந்தையை வைப்பது போல வைத்துவிட்டு, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“உங்களுக்குள்ள எதுவும் சண்டையா அக்கா?”

“சண்டை போட்டிருந்தா சமாதானம் ஆகியிருப்போமே.”

“அம்மா,” என்றார் பாலசுந்தரம். “இன்னும் ஒன்று இருக்கிறது. மறைக்கக் கூடாது. மாற்றின பிறகும் அது தெரிகிறது என்றுதான் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே அவர் மனதில்…”

“தெரியட்டும்,” என்றாள் ஜெயமாலா.

“நான் சபாவுக்குப் போறேன். சரவாக்குக்கும் போறேன். தேடிவிடலாம்.”

“தொலைஞ்சவரத் தேடலாம் அங்கிள். இவரு தொலையலையே.”

மேசையில் கிடந்த கைப்பேசி அடித்தது. பிரகலாதனின் அண்ணன். இத்தனை நாளும் அந்த அழைப்பு வந்தால் அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். இன்று எடுத்தாள்.

“சொல்லுங்க மாமா… இல்ல, வேணாம், நிறுத்த வேணாம். வெள்ளிக்கிழமையே செஞ்சிடலாம்… ஆமா, நானும் வரேன்… இல்ல மாமா, அழல. நல்லாத்தான் இருக்கேன்.”

அந்தப் பக்கத்துக் குரல் ஆறுதலும் நன்றியும் கலந்து ஏதோ பொழிந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டது. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, அதைத்தான் கொள்ளி வைத்து எரிப்பார்கள். ஐயர் புல்லுக்குச் சொல்ல வேண்டுமாம், ஆள் என்ன உயரம் என்று கேட்கிறாராம்.

ஜெயமாலா வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தாள்.

“இந்த நிலையில தலை இடிக்கும் மாமா, அந்த உசரம். புல்லு பத்தலைன்னு சின்னதா கட்டிடப் போறாரு, இப்பவே சொல்லி வைங்க. முழு ஆளும் எரியணும்.”